மேனி நலமும் நம் ஊணும்

தமிழிலே 'மெய்' என்னுஞ் சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். ஐம்பொறிகளை எண்ணுமிடத்து மெய், வாய், கண், மூக்கு, செவி எனத் தோலுக்கு அதுவே பெயராகின்றது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவுபற்றிப் பகுத்தபோது, புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாக வைத்த முதலறிவு தொடுதலால் உணரும் உற்றறிவேயாம். இப்பொறியை மெய் என்று வழங்கியது வேறொரு வகையாலும் பொருந்தும். ஒருவர் சில மாதங்களாக உண்டது யாது, உண்ணாது விட்டது யாது என்பதைத் தோல் ஒளியாது உரைத்துவிடும். நாவைப் பொய் சொல்லப் பழக்கலாம். முழங்கையைப் பழக்க இயலாது.

யான் தமிழ் கற்பிப்பவன், வைத்தியன் அல்லன். ஆயினும் நாள்தோறும் முப்பது நாற்பது பிள்ளைகளின் முன்னே நிற்பவனுக்குச் சில காட்சிகள் தப்புவதில்லை. எழுதும்போது மேசைமீது ஊன்றிய முழங்கைகளுட் சில, அரத்தைத் தொட்டாற்போலச் சொரசொரத்திருக்கும். மயிர்க்கால்தோறும் சிறு முள் முளைத்தாற்போன்ற தடிப்பு, சுற்றிலும் வறட்சி. முழங்காலிலும் அவ்வாறே. வீட்டில் வினவினால், 'களிம்பு பூசுகின்றோம், சேர்' என்பர். உணவைப்பற்றி வினவுவோர் சிலரே. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது.

இத்தகைய தோலுக்கு வைத்திய நூலிலே ஒரு பெயர் உண்டு. அப்பெயரை வழங்கியவர், அந்நாளிற் கொழும்பிலே நுண்ணுயிராய்வு நிலையத்தின் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்தியராவர். 1933 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் இதனைப் 'பிறினோடேர்மா' என்றார். கிரேக்க மொழியிற் பிறினோஸ் என்பது தேரை. டேர்மா என்பது தோல். எனவே தமிழில் 'தேரைத்தோல்' எனலாம். உணவில் விற்றமின் ஏ என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தமையே இதற்குக் காரணம் என்பது அவர் முடிபு. மறு ஆண்டு இலங்கையில் அவ்வுயிர்ச்சத்துக் குறைபாடு பற்றியே தனிக் கட்டுரையொன்றும் எழுதினார். இருளிற் கண் தெரியாத மாலைக்கண் நோயும் இத்தோல் நோயும் உடன்பிறப்புக்கள்போல ஒருங்கு தோன்றுவதுண்டு.

நிக்கல்ஸ் ஒருவரே இதனைக் கண்டவரல்லர். 1931 இற் பீக்கிங் நகரில் படைவீரரிடத்தும், 1933 இல் உகண்டாவிற் சிறைக்கைதிகளிடத்தும் இத்தகைய தோல் காணப்பட்டது. 1936 இல், குன்னூரிலிருந்த உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் எய்க்ரோயிட் என்பாரும் அவர் துணைவர் இராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்தவிடத்து அங்கும் இதனைக் கண்டனர். படைவீரர், கைதிகள், பள்ளிப் பிள்ளைகள் என்னும் இம்மூவகையினர்க்கும் பொதுவாயுள்ளது யாது? தாம் உண்பதைத் தாமே தெரிந்துகொள்ளாது பிறர் அளப்பதை உண்போர் என்பதே. விடுதிச் சாப்பாட்டை நினைவிற் கொண்டுள்ள பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்று அளப்பவர் மாறியுள்ளார். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டிற் பிள்ளையின் காலையுணவையும் மாலையுணவையும் கடைத்தட்டிலுள்ள பொதிகளே அளக்கின்றன. வயிறு நிறைகின்றது, தோல் பட்டினி கிடக்கின்றது.

இவ்விடத்துச் சொல்லாராய்ச்சி சிறிது செய்ய மனம் விழைகின்றது. உள்ளீடின்றி வற்றிய தேங்காயைத் 'தேரை மோந்த தேங்காய்' என்பது தமிழ் வழக்கு. உடல் மெலிந்து தோல் சுருங்கிய குழந்தையைத் 'தேரை' பற்றியது என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் கூறுவர். தேரை மோந்து தேங்காய் வற்றுவதுமில்லை; தேரையைக் கண்டு குழந்தை மெலிவதுமில்லை. ஆயினும் ஊட்டமின்மைக்கும் தேரைக்கும் எம் மக்கள் முடிந்த முடிச்சை, தமிழறியாத நிக்கல்ஸ் கிரேக்கத்திலே மீண்டும் முடிந்தாரென்பது வியப்பே.

இனிக் காரணத்துக்கு வருவாம். தோலின் மேற்படை நிலையானதன்று. அடியில் உண்டாகும் உயிரணுக்கள் மேலேறித் தட்டையாகி இறந்து உதிர்கின்றன. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அவ்வணுக்கள் ஒழுங்காக முதிர்வதற்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறையின், உதிரவேண்டியவை உதிராது மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொண்டு முள்போல நிற்கும்.

இது பாதிக் கதையே. விற்றமின் ஏ மட்டுங் கொடுத்தபோது நோயாளர் எல்லார்க்கும் குணமாகவில்லை. எண்ணெயாலும் விற்றமின் பி வகைகளாலும் குணமடைந்தோரும் உளர். 1929 இல் அமெரிக்காவிலே ஜோர்ஜ் பேர், மில்ட்றெட் பேர் என்னுந் தம்பதியர், கொழுப்பே சேராத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகளின் தோல் செதிள் செதிளாக உரிந்தது. சில கொழுப்பமிலங்களை உடம்பு தானாக ஆக்கிக்கொள்ள இயலாது, உணவின் வழியே பெறல்வேண்டும் என்பது அதனாற் புலனாயிற்று. அவற்றுள் தோலுக்கு இன்றியமையாதது லினோலெயிக் அமிலம். செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசுவதுபோலத் தோலணுக்களுக்கிடையே நின்று, உள்ளிருக்கும் நீர் வெளியே ஆவியாகாது காப்பது அதனாலாய சாந்தே. பின்னர் 1953 இல் இந்திய அறிஞர் இராமலிங்கசுவாமியும் சின்கிளேயர் என்பாரும், தேரைத்தோல் போன்ற மாற்றத்தில் இக்கொழுப்பமிலங்களுக்கும் விற்றமின் ஏ இற்குமுள்ள பங்கினை எலிகளில் ஆராய்ந்து எழுதினர். ஒன்று குறைந்தாலும் பல குறைந்தாலும் இந்நோய் வரலாம் என்பதே இன்றைய கருத்து.

எம் சமையலறையை இந்நோக்கோடு பார்ப்போமாயின் ஒரு செய்தி தெளிவாகும். தேங்காயெண்ணெயில் லினோலெயிக் அமிலம் 100 இற்கு 2 பங்கு அளவே உண்டு. நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ 40 பங்கு உண்டு. தேங்காயை யான் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. அதன் பயனைப் பின்னர்ச் சொல்வேன். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெரியோர் எள்ளையும் நல்லெண்ணெயையும் வீட்டில் ஒழியாது வைத்திருந்தமைக்கு நாவின் சுவை மட்டுமே காரணமன்று. பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். வளருங் காலத்துக்கு வேண்டிய கொழுப்பமிலம், புரதம், விற்றமின் ஏ மூன்றும் அவ்வொரு பந்தியில் அடங்கியிருந்தன. ஆண்பிள்ளைக்கும் அவ்வயதில் அத்துணை வேண்டும் என்று ஏன் ஒருவரும் கருதவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. எள்ளுருண்டை எண்ணெயைவிட மேலானது. எள்ளின் முழுச்சத்தும் அதில் உண்டு. பாடசாலைச் சிற்றுண்டிப் பெட்டியில் அதனைக் காண்பது அரிதாகிவிட்டது.

விற்றமின் ஏ இற்குச் சுன்னாகஞ் சந்தைக்கு மேற்பட்ட மருந்துச்சாலை வேண்டியதில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, முளைக்கீரை, வல்லாரை, பூசணி, பழுத்த பப்பாசி, மாம்பழம் எல்லாவற்றிலும் கரோற்றீன் என்னும் பொருள் உண்டு. பனம்பழத்தின் மஞ்சள்நிறக் களியும் அப்பொருளாலேயே நிறம் பெற்றது. உடம்பு கரோற்றீனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். ஆனால் மாற்றுவிலை பெரிது: உணவிலுள்ள பீற்றா கரோற்றீன் 12 பங்கிற்கு விற்றமின் ஏ 1 பங்குதான் கைக்கு வரும். ஆகையாற் கீரை என்பது சோற்றின் ஓரத்திற் கிள்ளி வைக்கும் அலங்காரமாயின் பயனில்லை. ஒரு கை நிறைய வேண்டும். அன்றியும் கரோற்றீன் கொழுப்பிற் கரைவது. கொழுப்பில்லாது வெறுநீரில் அவித்துண்டால் பெரும்பகுதி வந்தவழியே போய்விடும். தேங்காயின் பயன் இங்கேதான். முருங்கையிலையை நறுக்கித் தேங்காய்ப்பூவிட்டு வறை செய்யும் எம் அன்னையர், எந்த ஆய்வுகூடத்தையும் கேளாமலே இலையையும் கொழுப்பையும் இணைத்து வைத்தனர். ஒடியற்கூழிலும் முருங்கையிலை இட்டவர் அவர். மச்சம் உண்போர்க்கு மீனும் மீனின் ஈரலும் மாற்றுவிலையின்றி விற்றமின் ஏ தருவன. சைவ உணவினர்க்குப் பாலும் நெய்யும் அவ்வாறு சிறிது தரும்.

பொன்னாங்காணியைப்பற்றி ஒரு சொல். 'பொன் ஆம் காண் நீ' என்று பிரித்து, இக்கீரையை உண்டவன் மேனி பொன்னாகும் என்று பொருள் கூறுவர். சொல்லிலக்கணம் அறிந்தோர் இப்பிரிப்பைக் கேட்டுப் புன்முறுவல் செய்வர். ஆயினும் கரோற்றீன் மிகுந்த உணவை அளவின்றி உண்போர்க்கு உள்ளங்கை மஞ்சளாவது மெய்யே. அது தீங்கற்றது, உணவைக் குறைத்தால் மறையும். இதற்கு மாறாக, விற்றமின் ஏ மாத்திரையை வைத்தியரைக் கேளாது விழுங்குதல் தீங்கானது. அது ஈரலிற் சேர்ந்து நோய் விளைக்கும். கருவுற்ற தாயாயின் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். இலை உண்டு எவரும் அத்துன்பம் எய்தியதில்லை.

நெல்லிக்காய், கொய்யா, தேசிக்காய் ஆகியவற்றின் விற்றமின் சி தோலுக்கு உறுதி தரும் நார்ப்பொருள் உண்டாக உதவும். தவிடு முற்றும் நீக்காத குத்தரிசி பி வகைகளைத் தரும். இவை பலரும் அறிந்தனவே. முகப்பருவைப்பற்றி மேல்வகுப்பு மாணவர் என்னை அடிக்கடி கேட்பர். எண்ணெய்ப் பலகாரத்தின்மீதே பழி சுமத்துதல் வழக்கம். ஆய்வுகள் பெரிதும் சுட்டுவது, சீனியையும் வெள்ளைமாவையும்போல விரைந்து இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றும் உணவுகளையே. குளிர்பானப் போத்தலை ஒரு மாதம் தொடாதிருந்து பார்க்குமாறு யான் சொல்வதுண்டு. பருவத்தால் வரும் பரு அதனால் முற்றும் நீங்கும் என்று சொல்லேன்.

உள்ளே உண்பது ஒருபுறமிருக்க, வெளியே பூசுவதும் நீராடுவதும் உள்ளன. எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கம் தோலுக்கு உண்மையாகவே பயன் தருமா என்று இளைஞர் ஐயுறுவது தகும். 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று விடை தருகின்றது. வங்காளதேசத்து டாக்கா நகரக் குழந்தை வைத்தியசாலையில், நாள் நிரம்பாது பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மேனியிற் பூசினர். பூசப்பெறாத சிசுக்களோடு ஒப்பிடுமிடத்து, வைத்தியசாலையில் தொற்றும் நோய்கள் அவர்களுக்கு 41 வீதம் குறைந்தன. சூரியகாந்தி எண்ணெய் லினோலெயிக் அமிலம் மிகுந்தது. நாள் நிரம்பாச் சிசுவின் தோலுக்குக் கண்டதை வளர்ந்தோர் தோலுக்கும் அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. ஆயினும் எண்ணெய் தோலின் காவலை வலுப்படுத்தும் என்பதற்கு அது நல்ல சான்று. நல்லெண்ணெயும் அவ்வமிலம் உடையதே. முகப்பரு உள்ளோர் முகத்தை விட்டுப் பூசுக.

எம் கிணற்று நீரின் இயல்பையும் நோக்கவேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாதலின் நீர் வன்னீர். சவர்க்காரம் அதில் எளிதில் நுரையாது. நுரையாத பகுதி தோலிற் படிந்து வறட்சியும் அரிப்பும் தரும். தோலின் மேற்பரப்போ இயல்பிற் சிறிது புளிப்புடையது, சவர்க்காரம் காரத்தன்மையுடையது. இந்நிலையிற் பயற்றமாவும், தேசிக்காயோடு அவித்த சீயாக்காயும் தோலின் இயல்போடு பகையாதவை. ஆனால் பச்சைத் தேசிச்சாற்றை மேனியிற் பூசிக்கொண்டு வெயிலிற் போகலாகாது. தோல் வெந்து கறுக்கும். சுன்னாகத்தார்க்குக் கிணறு என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வரும். எம் பகுதி நிலத்தடி நீரிற் கலந்த எண்ணெய்பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இற் தீர்ப்புப் பெற்றது. நீரின் மணமோ மேற்படலமோ மாறக் கண்டால் பரிசோதிக்கக் கொடுப்பதே முறை. வடிகட்டிக் குளித்துவிடலாம் என்று இருத்தல் தகாது.

குளிர்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் சிறிது சொல்லவேண்டும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மாரியில் வீட்டினுள் ஓடும் வெப்பக்காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதன்மேல் நெடுநேரம் சுடுநீரில் நிற்பது வெந்த புண்ணில் வேல். இளஞ்சூட்டு நீரில் விரைந்து குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெயோ களிம்போ பூசுவதே நன்று. மற்றொன்று, எம் கருநிறத் தோல் வெயில் மிகுந்த நாட்டுக்கென அமைந்தது. வெயில் குறைந்த நாட்டில் அது விற்றமின் டி ஆக்குவதற்கு நெடுநேரம் வேண்டும். பிரித்தானியாவிற் சுகாதாரத் துறையினர் 2016 இல் வெளியிட்ட அறிவுரை, இலையுதிர்காலத்திலும் மாரியிலும் எல்லாரும், கருந்தோலினர் ஆண்டு முழுவதும், நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி கொள்வதைக் கருத வேண்டும் என்பதாகும். பேரப்பிள்ளைகளையும் இதில் மறவாதிருப்பாராக.

கருநிறம் என்றேன். எம் பிள்ளைகளிற் பலர் அதனையே நோய் என்று எண்ணுவது எனக்குப் பெருங்கவலை தருகின்றது. 1975 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் களிம்பு, 2020 இல் 'குளோ அன்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. இதனைச் சொன்னது அக்களிம்பிற் குறை கூறுதற்கன்று. வெண்மையே அழகு என்னும் எண்ணம் எத்தனை தலைமுறையாக விற்கப்பட்டதென்பதைக் காட்டுதற்கே. பேரஞ்சத்தக்கவை வேறு. ஆக்கியோன் பெயரும் உட்பொருட் பட்டியலும் இன்றி, ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று கைமாறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் உண்டு. பாதரசம் தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். அதனால் வெளுப்பது மெய். ஆனால் அது தோலைக் கடந்து உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் கைபட்ட துவாயிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டிலுள்ள குழந்தையையும் அடையும். 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாத்தா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள அழகுப்பொருள்களை விலக்கியது. 2023 இல் அவ்வுடன்படிக்கை நாடுகள், அச்சிறு அளவும் 2025 இன் பின் ஆகாதென முடிவு செய்தன. பாட்டியின் நிறத்தைப் பேத்தி நஞ்சிட்டு அழிக்கும் அவலத்தைத் தடுக்க உடன்படிக்கை மட்டும் போதுமா? வகுப்பறையிற் கரியவனைக் கேலி செய்யும் நாவை அடக்கும் கடமை எம்மைப் போன்ற ஆசிரியர்க்கே உரியது.

உணவாற் தீராதனவற்றையும் சொல்லிவிடல்வேண்டும். தேமலும் படர்தாமரையும் பூஞ்சணத்தால் வருவன. இரவில் அரிப்பு மிகும் சொறி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைவதால் வருவது. வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் மருந்திட்டாலன்றிப் போகாது. படர்தாமரைக்கு அயலவர் தந்த ஸ்ரெரொயிட் களிம்பைப் பூசினால் முதலிற் சிவப்புக் குறையும், பின்பு பன்மடங்கு பரவும். உணர்ச்சியற்ற வெளிறிய படை எங்கேனும் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க; குட்டநோய் தொடக்கத்திற் கண்டால் முற்றும் மாறும் நோய். மேற்கையிலும் தொடையிலும் மட்டும் சிறு முள்போன்ற தடிப்புச் சிலர்க்குக் குடிவழியாக வருவதுண்டு. அது தீங்கற்றது, தேரைத்தோலன்று.

முழங்கையும் முழங்காலும் சொரசொரத்த பிள்ளைக்கு, நாள்தோறும் ஒரு கை கீரை தேங்காய்ப்பூவோடு, கறி தாளிக்க நல்லெண்ணெய், மாலையில் எள்ளுருண்டை, வாரமொரு முழுக்கு. தோல் புதுப்பிறப்பெடுக்கும் கணக்கை மேலே கூறினேன். ஆதலின் ஒரு கிழமையில் ஒன்றுந் தெரியாது. இரண்டு மூன்று மாதம் வேண்டும். இத்தவணையிற் தொடங்கினால் அடுத்த தவணையிற் கையைத் தடவிப் பார்க்கலாம். அப்போதும் மாறாதிருப்பின், அல்லது அந்திப்பொழுதிற் பிள்ளை தட்டுத்தடுமாறி நடக்கக் கண்டால் எந்நாளாயினும், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.